வானியல் 101 எடுக்கப்போகிறவருக்கு

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் இளங்கலை சேர்கிறவர் பொருளாதாரம் படித்தாலும் வரலாறு படித்தாலும், பட்டம் வாங்குவதற்குள் ஒன்றிரண்டு இயற்கை அறிவியல் பாடங்களை முடித்தாக வேண்டும். பெரும்பாலான இடங்களில் இது விதி. அந்த விதிக்காக மாணவர்கள் தேடிப் போகும் பாடங்களில் முன்வரிசையில் இருப்பது வானியல் அறிமுகம். பாடப்பட்டியலில் எந்த எண் போட்டிருந்தாலும், பேச்சில் அது 'ஆஸ்ட்ரோ 101'தான். நுண்கணிதம் வேண்டாம், பள்ளிக்கூட இயற்கணிதம் போதும் என்று அறிவித்திருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு, சுலபமாக 'ஏ' வாங்கிவிடலாம் என்று சீனியர்கள் சொல்வார்கள். நம்பாதீர்கள். கணக்கு சுலபம்தான், கேள்விகள் சுலபமில்லை.

பிளஸ் டூவில் முதல் வரிசையில் இருந்த பிள்ளைகள் இந்த வகுப்பின் முதல் மிட்டெர்மில் திகைத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். படிக்காததால் அல்ல. விழுந்து விழுந்து படித்திருப்பார்கள், ஆனால் ஒரு படம்கூட வரைந்திருக்க மாட்டார்கள். வானியல் 101-ல் கோள்களின் பெயரையும் விட்டத்தையும் ஒப்பிப்பதற்கு மதிப்பெண் மிகக் குறைவு. சூரியன் எங்கே, நிலா எங்கே, நான் நிற்பது பூமியின் எந்தப் பக்கம் என்று தாளில் போட்டுப் பார்த்து, அந்தப் படத்திலிருந்து விடையை எடுப்பதற்குத்தான் மதிப்பெண். இந்தப் பழக்கம் முதல் வாரத்திலேயே வந்துவிட்டால் மீதிப் பாடம் வழிவிடும்.

பதிவு செய்யும் முன்

முதலில் லேப். சில கல்லூரிகளில் லேப் இல்லாமல் 3 கிரெடிட், லேப் சேர்த்து 4 கிரெடிட் என்று இரண்டு வகையாக இருக்கும். உங்கள் பட்டத்துக்கு லேப் உள்ள அறிவியல் பாடம் ஒன்று கட்டாயமா என்பதை உங்கள் அட்வைசரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்ட பிறகு பதிவு செய்யுங்கள். கட்டாயம் இல்லையென்றாலும் லேப் உள்ளதையே எடுக்கச் சொல்வேன். தொலைநோக்கியில் சனியின் வளையத்தை ஒரு முறையாவது சொந்தக் கண்ணால் பார்க்காமல் வானியல் படித்தேன் என்று சொல்வதில் என்ன இருக்கிறது?

அடுத்து, எந்த வானியல் என்பது. இயற்பியல், வானியல் மாணவர்களுக்கென்று தனியாக ஓர் அறிமுகப் பாடம் இருக்கும். அதற்கு நுண்கணிதமும் இயற்பியலும் முன்தேவை. எண்ணை மாற்றிப் பதிவு செய்துவிட்டு இரண்டாம் வாரத்தில் விழிக்க வேண்டாம். பொது மாணவர்களுக்கான பாடத்தையும் சில இடங்களில் இரண்டாகப் பிரித்திருப்பார்கள்: ஒரு செமஸ்டர் சூரியக் குடும்பம், ஒரு செமஸ்டர் விண்மீன்களும் பேரண்டமும். ஒன்றுதான் எடுக்க முடியும் என்றால் விண்மீன்களை எடுங்கள். எட்டவே முடியாத ஒன்றைப் பற்றி வெறும் ஒளியை வைத்து எவ்வளவு கறந்துவிட முடிகிறது என்பது அங்கேதான் தெரியும்.

சிகாகோ, பாஸ்டன், மிச்சிகன் பக்கம் படிக்கிறவர்கள் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும் ஃபால் செமஸ்டரில் எடுப்பது நல்லது. செப்டம்பர், அக்டோபர் இரவுகள் வெளியே நிற்கத் தாங்கும். ஜனவரியில் தொடங்கினால் முதல் இரண்டு மாதமும் பனி, மேகம், உறையும் விரல்கள். வான்நோக்கு வகுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக ரத்தாகும்.

பாடப்புத்தகத்துக்கு அவசரப்பட்டுப் பணம் கட்டாதீர்கள். ஆண்ட்ரூ ஃபிராக்னாய், டேவிட் மாரிசன், சிட்னி வுல்ஃப் மூவரும் எழுதிய 'அஸ்ட்ரானமி' நூலை ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் 2016-ல் இலவசமாக வெளியிட்டது. 2022-ல் இரண்டாம் பதிப்பும் வந்துவிட்டது. பல பேராசிரியர்கள் அதையே பாடநூலாக வைக்கிறார்கள். வேறு புத்தகம் வைத்திருந்தால் முதல் வகுப்பில் சிலபஸ் கைக்கு வரும்வரை பொறுங்கள். பழைய பதிப்பு போதுமா என்று கேட்டால் பேராசிரியரே சொல்லிவிடுவார். ஆன்லைன் ஹோம்வொர்க்குக்கு ஆக்சஸ் கோடு வாங்க வேண்டுமா என்பதையும் அப்போதே கேளுங்கள். பழைய புத்தகம் வாங்கி மிச்சம் பிடித்ததை அந்தக் கோடு விழுங்கிவிடக்கூடும்.

நிலாவிலிருந்து தொடங்குங்கள்

1987-ல் 'ஏ பிரைவேட் யுனிவர்ஸ்' என்றொரு குறும்படம் எடுத்தார்கள். ஹார்வர்டு பட்டமளிப்பு நாளில், அங்கியோடு நின்றிருந்த மாணவர்களும் ஆசிரியர்களுமாக 23 பேரைப் பிடித்து, பருவங்கள் ஏன் வருகின்றன, நிலா ஏன் தேய்ந்து வளர்கிறது என்பதுபோன்ற கேள்விகளைக் கேட்டார்கள். 21 பேர் தவறாகச் சொன்னார்கள். கோடையில் பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போகிறது. பூமியின் நிழல் விழுவதால் நிலா தேய்கிறது. இந்த இரண்டு தவறுகளும் உங்கள் முதல் மிட்டெர்மில் விடைத் தெரிவுகளாகவே வந்து நிற்கும். தேர்வு எழுதுகிறவருக்கு அவைதான் முதலில் கண்ணில் படும்.

நிலா விஷயத்தில் தமிழ் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு வசதி உண்டு. அமாவாசை, அஷ்டமி, பௌர்ணமி என்று காலண்டரில் பார்த்தே வளர்ந்திருப்பீர்கள். அந்தத் திதிக் கணக்கே சூரியனுக்கும் நிலாவுக்கும் நடுவிலுள்ள கோணம்தான்; ஒரு திதிக்கு 12 பாகை. அமாவாசையில் இரண்டும் ஒரே திசை, அதனால் நிலா சூரியனோடு எழுந்து சூரியனோடு மறையும். பௌர்ணமியில் நேரெதிர், அதனால் சூரியன் மறைகையில் நிலா எழும். வளர்பிறை அஷ்டமியில் 90 பாகை. நண்பகலில் எழுந்து, சூரியன் மறையும் வேளையில் உச்சிப் பக்கம் நின்று, நள்ளிரவில் மறையும். இதை ஒரு வட்டமாக வரைந்து வைத்துக்கொண்டால் தேர்வில் வரும் நிலாக் கேள்விகள் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். 'நள்ளிரவில் மெல்லிய பிறை தலைக்கு மேலே தெரியுமா?' என்று கேட்பார்கள். மெல்லிய பிறை என்றால் சூரியனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நள்ளிரவில் சூரியன் காலுக்குக் கீழே. ஆகவே தெரியாது. மனப்பாடம் எங்கும் வரவில்லை.

படம் மட்டும் போதாது, கையாலும் செய்து பாருங்கள். இருட்டு அறையில் ஒரே ஒரு பல்பு. ஓர் எலுமிச்சம்பழத்தைப் பென்சிலில் குத்தி, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே மெல்லச் சுற்றுங்கள். பழத்தில் எப்போதும் பாதிதான் வெளிச்சம். அந்தப் பாதியில் எவ்வளவு உங்கள் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதுதான் மாறுகிறது. உங்கள் தலையின் நிழல் பழத்தின் மேல் விழுவது பல்பு சரியாக முதுகுக்குப் பின்னால் வரும் ஒரே இடத்தில்தான். அதுவும் பழத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தால் விழாது. நிலாவின் பாதை 5 பாகை சாய்ந்திருப்பதால் ஒவ்வொரு பௌர்ணமியும் சந்திர கிரகணம் ஆவதில்லை என்பதும் அங்கேயே விளங்கிவிடும்.

பருவங்கள் பாடம் நமக்குக் கொஞ்சம் கடினம். சென்னையில் வளர்ந்தவருக்குக் கோடைக்கும் மார்கழிக்கும் பகல் நீளம் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசப்படும். சிகாகோவில் டிசம்பர் பகல் ஒன்பது மணி நேரத்துக்குச் சற்று மேல், ஜூன் பகல் பதினைந்து மணி நேரத்துக்கு மேல். பூமியின் அச்சு 23.5 பாகை சாய்ந்திருப்பதன் விளைவு அது. சூரியன் டிசம்பர் நண்பகலில் சிகாகோ அடிவானத்திலிருந்து சுமார் 25 பாகை உயரம்தான் ஏறும். ஜூனில் 71 பாகைக்கு மேல். ஜூனில் விழும் அதே வெயில் டிசம்பரில் இரண்டு மடங்குக்கும் மேலான தரைப்பரப்பில் பரவிப் போகிறது, அதுவும் குறைந்த நேரத்துக்கு. தூரம்தான் காரணம் என்று மனம் இழுத்தால் ஒரு எண்ணை நினைவில் வையுங்கள்: சூரியனுக்குப் பூமி மிக அருகில், 14.7 கோடி கிலோமீட்டரில், இருப்பது ஜனவரித் தொடக்கத்தில். சிகாகோ பனியில் புதைந்திருக்கும் நேரம் அது.

கணக்கு எவ்வளவு?

லட்சம், கோடியில் எண்ணிப் பழகியவர்கள் முதல் இரண்டு வாரத்தில் தடுமாறுவது மில்லியன், பில்லியனில்தான். ஒரு மில்லியன் பத்து லட்சம். ஒரு பில்லியன் நூறு கோடி. ஒரு டிரில்லியன் ஒரு லட்சம் கோடி. சூரியன் 15 கோடி கிலோமீட்டர் என்றால் 150 மில்லியன். பேரண்டத்தின் வயது 1,380 கோடி ஆண்டு என்றால் 13.8 பில்லியன். ஒளியாண்டு சுமார் 9.5 லட்சம் கோடி கிலோமீட்டர், அதாவது 9.5 டிரில்லியன். இந்தப் பெயர்களோடு மல்லுக்கட்டுவதைவிட பத்தின் அடுக்குகளில் எழுதப் பழகிவிடுவது மேல். வகுப்பிலும் அப்படித்தான் எழுதுவார்கள்.

அதற்குப் பிறகு வருவதெல்லாம் விகிதக் கணக்கு. தூரம் மூன்று மடங்கானால் பிரகாசம் ஒன்பதில் ஒரு பங்கு. வெப்பநிலை இரண்டு மடங்கானால் ஒரே அளவு பரப்பிலிருந்து வரும் ஒளி 16 மடங்கு. இந்த இரண்டு விதிகளையும் ஃபார்முலாவாக உருப்போட்டால் குழப்பும். மடங்காகப் பழகினால் கைவரும். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

சிவந்த ஒரு விண்மீன். அதன் மேற்பரப்பு வெப்பம் சுமார் 2,900 கெல்வின், அதாவது சூரியனின் 5,800-ல் பாதி. ஆனால் அது மொத்தமாக வெளியிடும் ஒளி சூரியனைப்போல் 10,000 மடங்கு. அதன் அளவு என்ன? வெப்பம் பாதி என்பதால் ஒவ்வொரு சதுர மீட்டரும் சூரியனின் சதுர மீட்டரில் 16-ல் ஒரு பங்கு ஒளியைத்தான் தருகிறது. அப்படியிருந்தும் மொத்தம் 10,000 மடங்கு என்றால் பரப்பு 1,60,000 மடங்கு இருந்தாக வேண்டும். பரப்பு ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1,60,000-ன் வர்க்கமூலம் 400. சூரியனின் ஆரம் ஏறத்தாழ 7 லட்சம் கிலோமீட்டர், அதைப்போல் 400 மடங்கு 28 கோடி. சூரியன் இருக்கும் இடத்தில் அதைக் கொண்டுவந்து வைத்தால் புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் நான்கும் அதன் வயிற்றுக்குள் இருக்கும். நிறத்தையும் பிரகாசத்தையும் தூரத்தையும் மட்டும் வைத்து, கால்குலேட்டர் இல்லாமல், ஒரு விண்மீனின் உடலை அளந்துவிட்டோம். திருவாதிரை என்று நாம் சொல்லும் செந்நிற விண்மீன் இந்த இனம்தான். இந்தக் கணக்கைப் புரிந்து போட்டவருக்கு இந்தப் பாடத்தில் பயப்பட எதுவும் இல்லை.

கெப்ளரின் மூன்றாம் விதியும் அப்படித்தான். சூரியனிலிருந்து பூமியின் தூரத்தை 1 என்று வைத்தால், ஒரு கோளின் தூரத்தைக் கனப்படுத்தி வர்க்கமூலம் எடுக்க, அது சூரியனைச் சுற்ற ஆகும் ஆண்டுகள் கிடைக்கும். வியாழனின் தூரம் 5.2, கனம் சுமார் 141, வர்க்கமூலம் 11.9. பன்னிரண்டு ராசிக்குப் பன்னிரண்டு ஆண்டு, ஆக வருடத்துக்கு ஒரு குருப்பெயர்ச்சி. சனியின் தூரம் 9.5, விடை 29-க்கு மேல், ராசிக்கு இரண்டரை ஆண்டு, சனிப்பெயர்ச்சி. பஞ்சாங்கத்தில் பலன் பார்ப்பது இந்த வகுப்பில் செல்லாது. ஆனால் பஞ்சாங்கத்தில் இருக்கும் கோள் ஓட்டம் நல்ல தரவு, விதியைச் சரிபார்க்கத் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

நட்சத்திரப் பெயர்களிலும் உங்களுக்கு முன்னிலை உண்டு. பிளையடீஸ் கார்த்திகை, அல்டெபரன் ரோகிணி, ஸ்பைக்கா சித்திரை, ஆர்க்டூரஸ் சுவாதி, அன்டாரஸ் கேட்டை. ஆனால் வானம் நம் ஊரில் பார்த்த மாதிரி நிற்காது. சென்னையில் 13 பாகை உயரத்தில் புகைமூட்டத்தில் தொலைந்துபோகும் துருவ நட்சத்திரம் சிகாகோவில் 42 பாகையில் பளிச்சென்று நிற்கும். சப்தரிஷி மண்டலத்தின் ஏழு விண்மீன்களும் அங்கே மறைவதே இல்லை. தெற்கே ஒளிரும் அகத்திய நட்சத்திரம் எழுவதே இல்லை. நம் ஊரில் ஓடம்போல் படுத்திருக்கும் பிறை அங்கே நிமிர்ந்து நிற்கும். அட்சரேகை என்றால் என்ன என்று இரண்டு இடத்து வானத்தையும் பார்த்த உங்களுக்குத் தெரிகிற மாதிரி, பக்கத்து சீட்டு மாணவருக்குத் தெரிய வழியில்லை. வகுப்பில் இதைச் சொல்லுங்கள்.

வகுப்பும் லேபும்

பெரிய பல்கலைக்கழகங்களில் இந்த வகுப்பில் நூறு, இருநூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். பேராசிரியர் நடுநடுவே திரையில் ஒரு கேள்வி போட்டு, கிளிக்கரிலோ போனிலோ விடையை அழுத்தச் சொல்வார். பிறகு 'பக்கத்தில் இருப்பவரிடம் பேசுங்கள்' என்பார். ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மஸூர் பரப்பிய முறை இது. வாயைத் திறக்காமல் உட்கார்ந்து பழகிய நம் பிள்ளைகள் அந்த இரண்டு நிமிடத்தில் போனை எடுத்துவிடுகிறார்கள். பேசுங்கள். நீங்கள் ஏன் அந்த விடையை அழுத்தினீர்கள் என்று இன்னொருவருக்குச் சொல்ல முயலும்போதுதான் உங்கள் படத்தில் எங்கே ஓட்டை என்று தெரியும். தேர்விலும் அதே வகைக் கேள்விகள்தான் வரும். வராத நண்பருடைய கிளிக்கரை நீங்கள் அழுத்தினால் அது மோசடி என்றே எடுத்துக்கொள்ளப்படும். உதவி என்று சொல்லித் தப்ப முடியாது.

லேபில் நிலா நாட்குறிப்பு எழுதச் சொல்வார்கள். ஒரு மாதம், முடிந்த நாளெல்லாம், நேரம், திசை, உயரம், வடிவம். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 பாகை. உயரம் அளக்க அது போதும். நிலா தினமும் ஏறத்தாழ 50 நிமிடம் தாமதமாக எழுவது நான்கைந்து நாளிலேயே உங்கள் குறிப்பிலிருந்து தெரிந்துவிடும். மேகமாக இருந்தால் மேகம் என்று எழுதுங்கள், அதற்கு மதிப்பெண் குறையாது. கடைசி நாள் இரவு உட்கார்ந்து மாதம் முழுவதையும் கற்பனையில் நிரப்புவது வேண்டாம். லேபை நடத்தும் டி.ஏ. ஸ்டெல்லேரியம் என்ற வான்காட்டி மென்பொருளில் தேதியைப் போட்டால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். இரவு பத்து மணிக்குக் கிழக்கே மெல்லிய வளர்பிறை என்று எழுதியவரைப் பிடிக்க மென்பொருளே தேவையில்லை. ஸ்டெல்லேரியம் இலவசம்; நீங்களும் இறக்கிக்கொள்ளுங்கள். வெளியே போகும் முன் எது எங்கே என்று பார்த்துக்கொள்ளத்தான் அது. வெளியே போவதற்குப் பதிலாக அல்ல.

வான்நோக்கு இரவுக்குத் தேவையானவை: நினைப்பதைவிட ஓர் அடுக்கு அதிகமான உடை, விரல் வெளியே தெரியும் கையுறை, சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச். கண் இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும், போன் திரையை ஒரு தடவை பார்த்தால் அத்தனையும் போச்சு. தொலைநோக்கியில் ஆண்ட்ரோமீடா மண்டலத்தைப் பார்க்கும்போது புத்தகத்தின் வண்ணப் படத்தை எதிர்பார்க்காதீர்கள். சாம்பல் நிறத்தில் ஒரு மங்கல் தெரியும். அந்த ஒளி 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் புறப்பட்டது. அந்தத் தூரத்தை எப்படி அளந்தார்கள் என்பதுதான் செமஸ்டரின் பின்பாதி.

இந்தப் பின்பாதியில் பெயர்களும் ஆண்டுகளும் கொத்தாக வரும்: 1838-ல் பெஸ்ஸல் இடமாறு கோணத்தை வைத்து ஒரு விண்மீனின் தூரத்தை அளந்தது, 1912-ல் ஹென்ரியெட்டா லெவிட் துடிக்கும் செஃபீடு விண்மீன்களின் காலத்துக்கும் பிரகாசத்துக்கும் உள்ள உறவை வெளியிட்டது, 1920-களில் ஹபிள் அதே வகை விண்மீனை ஆண்ட்ரோமீடாவில் கண்டுபிடித்து, அது நம் பால்வழிக்கு வெளியே இருக்கும் தனி மண்டலம் என்று காட்டியது. இவற்றைத் தனித்தனிச் செய்தியாகப் படித்தால் நிற்காது. ஒருவர் அளந்த தூரத்தின் மேல் ஏறி நின்றுதான் அடுத்தவர் அடுத்த தூரத்தை அளந்தார். யார் யார் தோள்மேல் நிற்கிறார் என்று ஒரே தாளில் கீழிருந்து மேலாக வரையுங்கள். சிசிலியா பெய்னை மட்டும் நிதானமாகப் படிக்கச் சொல்வேன். சூரியனில் பெரும்பகுதி ஹைட்ரஜன் என்று 1925-ல் முனைவர் ஆய்வேட்டில் காட்டிய இளம்பெண் அவர். அந்த முடிவு நம்பத்தக்கதல்ல என்று ஆய்வேட்டிலேயே எழுதும்படி மூத்த அறிஞர் ஹென்றி நோரிஸ் ரஸல் வற்புறுத்தினார். நான்கு ஆண்டுகள் கழித்து அவரும் அதே முடிவுக்கு வந்தார்.

விண்மீன்களின் முடிவைப் படிக்கும் வாரத்தில் நம் ஊர்ப் பெயர் ஒன்று வரும். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1930-ல் 19 வயதில் கப்பலில் இங்கிலாந்து போகும்போதே, வெள்ளைக் குள்ளன் விண்மீனின் எடைக்கு ஒரு வரம்பு உண்டு என்று கணக்குப் போட்ட சுப்பிரமணியன் சந்திரசேகர். இன்றைய கணக்கில் அந்த வரம்பு சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு. 1937 முதல் 1995-ல் மறையும்வரை சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்தார். 1983-ல் நோபல் பரிசு பெற்றார். அந்த வரம்பை நெருங்கி வெடிக்கும் விண்மீன்களை விளக்காக வைத்துத்தான், பேரண்டத்தின் விரிவு வேகமெடுக்கிறது என்று 1998-ல் கண்டுபிடித்தார்கள். பேராசிரியர் 'சந்திரசேகர் லிமிட்' என்று பலகையில் எழுதும் அன்று வகுப்பைத் தவறவிடாதீர்கள்.

மதிப்பெண் சறுக்கினால்

முதல் மிட்டெர்ம் சரியாகப் போகவில்லை என்றால் அடுத்த வாரமே ஆபீஸ் அவர்ஸுக்குப் போங்கள். விடைத்தாளோடு, தவறான ஒவ்வொரு கேள்விக்கும் நீங்கள் போட்ட படத்தோடு போங்கள். 'எனக்குப் புரியவில்லை' என்று சொன்னால் பேராசிரியர் பொதுவாக ஏதாவது சொல்லி அனுப்புவார். படத்தைக் காட்டினால் விரலை வைத்து எங்கே பிசகு என்று காட்டுவார். இது அவர் வேலை நேரத்தின் ஒரு பகுதி. அவரைத் தொந்தரவு செய்கிறோம் என்ற தயக்கமே வேண்டாம். அந்த அறைகள் பல வாரம் காலியாகக் கிடக்கின்றன.

பாடத்தை விட்டுவிடலாம் என்று தோன்றினால் அவசரப்படாதீர்கள். எஃப்-1 விசாவில் இருக்கும் இளங்கலை மாணவர் வழக்கமான செமஸ்டரில் பொதுவாகக் குறைந்தது 12 கிரெடிட் வைத்திருக்க வேண்டும். நாலு கிரெடிட் பாடத்தை விட்டு எண்ணிக்கை அதற்குக் கீழே போனால் விசா நிலையே கெட்டுவிடலாம். போர்ட்டலில் பட்டனை அழுத்தும் முன் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டு, அவர்கள் அனுமதி தந்த பிறகே விடுங்கள். அனுமதியைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்பது இதில் நடக்காது.

பாடம் பிடித்துப்போய்த் தொடர நினைக்கிறவர்களும் உண்டு. துணைப்பாடமாக வானியலை எடுக்கலாம். ஆனால் அடுத்த படிக்குப் பெரும்பாலும் நுண்கணிதமும் இயற்பியலும் கேட்பார்கள். ஆகவே முடிவை மூன்றாம் ஆண்டுக்குத் தள்ளாமல், 101 முடிந்த செமஸ்டரிலேயே கணிதத் துறையின் பிளேஸ்மென்ட் தேர்வை எழுதி, நுண்கணிதத்தில் இடம் பிடித்துவிடுங்கள்.